பாதல் பிரிவில் பிரிந்த ஐந்து வண்டிகள்: மலைப்பாதைக்கு ஜிபிஎஸ் தேர்ந்தெடுத்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோவையைச் சேர்ந்த ஐந்து பேர். ஐந்தும் 400 சிசியை ஒட்டிய ஒற்றை சிலிண்டர் அட்வென்சர் வண்டிகள். இரண்டு ஆண்டுகள் அடுத்தடுத்து, இரண்டு முறையும் செப்டம்பரில், மணாலியிலிருந்து குன்சும் கணவாய் ஏறி ஸ்பிதி பள்ளத்தாக்கின் காசாவுக்குப் போனோம். முதல் தடவை போனை மட்டும் நம்பி. இரண்டாம் தடவை தனி ஜிபிஎஸ் கருவி வாங்கிக்கொண்டு. இடையில் இருந்த பதினோரு மாதத்தில் எதைப் பார்த்தோம், எதை வாங்கினோம், அது மலையில் எப்படி நடந்துகொண்டது என்பதுதான் இந்தப் பதிவு.

ஐவரில் நானும் ஒருவன். ரூட் போட்டுத் தருவது என் வேலை, அதனால் கீழே வரும் தவறுகளில் பாதி என் கணக்கு. ஆட்களின் பெயரைச் சொல்லவில்லை. முன்னால் போகிறவர் லீட், கடைசியில் வருகிறவர் ஸ்வீப். வாங்கிய கருவிகளின் மாடலையும் விட்டுவிட்டேன். கோளாறானது கருவியைவிட நாங்கள் செய்த வேலைதான்.

பாதை தெரியாதவர்களுக்கு: அடல் சுரங்கத்தின் வடக்கு வாயிலைத் தாண்டி கிராம்ஃபூவில் தார் ரோட்டை விட்டுப் பிரிந்தால், சந்திரா ஆற்றை ஒட்டி பாதல் வரை சுமார் 50 கிலோமீட்டர். ரோடு என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். உருண்டைக் கல், மணல், நடுநடுவே பனிப்பாறை உருகி வரும் ஓடைகள். அங்கே அவற்றை நாலா என்கிறார்கள். காலையில் கணுக்கால் அளவு ஓடுகிற நாலா, வெயில் ஏறியபின் முழங்காலுக்கு வந்துவிடும். பாதலில் ஒரு பாலம், இரண்டு மூன்று தாபா. அதைத் தாண்டிச் சில கிலோமீட்டரில் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஆற்றை ஒட்டிப் போவது சந்திரதால் ஏரிக்கு. மேலே ஏறுவது சுமார் 4,550 மீட்டர் உயரமுள்ள குன்சும் கணவாய்க்கு.

முதல் ஆண்டு நடந்தது

மணாலியில் ஒரு பஞ்சரால் காலை ஒன்பதரைக்குத்தான் கிளம்பினோம். மதியத்துக்கு மேல் நாலாக்களில் தண்ணீர் ஏறியிருந்தது. மூன்றாவது வண்டிக்காரரின் ஹேண்டில்பார் சார்ஜர் சாக்கெட்டில் தண்ணீர் புகுந்து சார்ஜ் ஏறுவது நின்றுவிட்டது. அவருக்கு அது தெரியவில்லை. பாதலை நெருங்கும்போது போன் அணைந்தது. முன்னால் போகும் வண்டியின் புழுதியைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அன்றைக்குப் பார்த்து ஸ்வீப்பும் இன்னொருவரும் பாதல் தாபாவில் நின்றுவிட்டார்கள். அந்த இன்னொருவருக்கு உயரத்தால் தலைவலி. முன்னால் போன நானும் லீடும் பிரிவில் நிற்காமல் குன்சும் பக்கம் ஏறிவிட்டோம். ஐந்து நிமிடம் பின்னால் வந்த மூன்றாமவர், டயர் தடம் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் போனார். சந்திரதாலுக்குத் தினமும் டாக்ஸிகள் போகும். தடம் அதிகமாக இருந்ததும் அங்கேதான்.

மாலை நாலரையிலிருந்து ஏழரை வரை ஐந்து பேரும் மூன்று இடத்தில் இருந்தோம். யாருக்கும் சிக்னல் இல்லை. ஏரிக்குப் போகும் வழியில் ஒரு கூடாரக்காரர் சொல்லித்தான் அவர் திரும்பினார். கடைசியில் எல்லோரும் அதே தாபாவில், ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று ரஜாய் (பஞ்சு அடைத்த கனத்த போர்வை) போர்த்திக்கொண்டு படுத்தோம். அடி, காயம் எதுவும் இல்லை. ஆனால் அந்த மூன்று மணி நேரத்தைப் பற்றி ஊர் வந்து சேரும்வரை யாரும் சரியாகப் பேசவில்லை.

கவனித்தது என்ன

ஊர் திரும்பி ஒரு மாதம் கழித்து உட்கார்ந்து பேசினோம். அரை மணி நேரத்தில் அது மாடல் பட்டிமன்றம் ஆகிவிட்டது. எந்தத் திரை பெரிது, எதில் வெளிச்சம் அதிகம் என்று ஆளுக்கொரு வீடியோவைக் காட்டினார்கள். ஸ்வீப் மட்டும் ஒரு கேள்வி கேட்டார்: "அண்ணா, அன்னைக்கு ஜிபிஎஸ் எங்கே வேலை செய்யலை?"

எங்கேயும் வேலை செய்யாமல் இல்லை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அனுப்புவதைக் கருவி வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். செல்போன் டவருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. எங்கள் போன்களில் ஆஃப்லைன் மேப் இருந்தது, நீலப் புள்ளியும் சரியான இடத்தில்தான் இருந்தது. பழுதானது மூன்று: ஒருவருக்கு மின்சாரம் நின்றது, ஈரக் கையுறையோடு தொட்டால் போன் திரை கேட்கவில்லை, பிரிவில் நின்று ஆளை எண்ண வேண்டும் என்ற ஏற்பாடே எங்களிடம் இல்லை. மூன்றாவதைக் கடையில் வாங்க முடியாது. அன்று நாங்கள் அதற்கு அதிக நேரம் கொடுக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான்காவதாக ஒன்று பிறகு தெரிந்தது. ஒருவரின் போன் கேமரா ஊர் வந்தபின் ஃபோகஸ் ஆகாமல் நடுங்கியது. மோட்டார் சைக்கிள் எஞ்சினின் அதிர்வு கேமராவின் அசைவுத் தடுப்பு அமைப்பைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021 செப்டம்பரில் எச்சரித்திருக்கிறது. ஒற்றை சிலிண்டரில் அதிர்வைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எதையெல்லாம் பார்த்தோம்

போனையே தொடர்வது மலிவான வழி. ஆஸ்மாண்ட், ஆர்கானிக் மேப்ஸ் போன்ற செயலிகளில், யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் வரைபடத்தை முழுதாக இறக்கி வைத்துக்கொள்ளலாம்; இமயமலைக் கிராமப் பாதைகள் அதில் நன்றாகவே இருக்கின்றன. குறை, மேலே சொன்ன ஈரமும் அதிர்வும் மின்சாரமும்.

மோட்டார் சைக்கிளுக்கென்றே செய்த நேவிகேட்டர்களில் அப்போது எல்லோரும் பேசியது கார்மின் நிறுவனத்தின் சூமோ எக்ஸ்டி. 5.5 அங்குலத் திரை, கையுறையோடு தொடலாம், ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும் ஐபிஎக்ஸ்7 தரம். ஆனால் உள் பேட்டரி திரை வெளிச்சத்தைப் பாதியாக வைத்தால் ஆறு மணி நேரம், முழுதாக வைத்தால் மூன்றரை. இந்த வரியைப் படித்தோம், தலையாட்டினோம், மறந்தோம். எங்களுக்குச் சொன்ன விலை அரை லட்சத்தை ஒட்டி இருந்தது.

அடுத்தது கையடக்கக் கருவி. உதாரணத்துக்கு அதே கார்மினின் ஈட்ரெக்ஸ் 22எக்ஸ்: 2.2 அங்குலத் திரைதான், பழைய நோக்கியா போன் மாதிரி இருக்கும். பட்டனில் ஓடுகிறது. இரண்டு ஏஏ பேட்டரி போட்டால் 25 மணி நேரம் என்கிறது நிறுவனம். ஓடுகிற வண்டியில் அதைப் படிக்கக் கண் கூர்மையாக இருக்க வேண்டும்.

இரண்டுக்கும் நடுவில் மான்டானா 700 உண்டு. விலை எங்கள் கைக்கு எட்டவில்லை.

செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவியை வாங்கலாமா என்று மூன்றாமவர் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் இரிடியம், துரையா போன்ற செயற்கைக்கோள் தொலைபேசிச் சேவைகளில் ஓடும் கருவிகளை வைத்திருப்பதே குற்றம். கார்மினின் செய்தி அனுப்பும் கருவியான இன்ரீச் இரிடியத்தில்தான் ஓடுகிறது. அதைப் பையில் வைத்திருந்த வெளிநாட்டுப் பயணிகள் கோவா, டில்லி விமான நிலையங்களில் பிடிபட்ட செய்திகள் வந்திருக்கின்றன. சிக்னலை வாங்க மட்டும் செய்கிற ஜிபிஎஸ் கருவிக்கு இந்தச் சிக்கல் கிடையாது. ஒரே பெயரில் இரண்டு மாடல் வரும்; பின்னால் ஒரு ஆங்கில 'i' ஒட்டியிருந்தால், மான்டானா 700i போல, அதில் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் வசதி இருக்கிறது என்று பொருள். வெளிநாட்டிலிருந்து யாராவது வாங்கி வருகிறேன் என்றால் அந்த ஒற்றை எழுத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எடுத்த முடிவும் அதன் காரணமும்

லீடுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் நேவிகேட்டர், ஸ்வீப்புக்கு ஒரு கையடக்கக் கருவி, ஐந்து பேர் போனிலும் அதே தடக் கோப்பு, அதாவது போக வேண்டிய வழியைப் பதிந்த கோப்பு. போன் ஜாக்கெட்டின் உள்பையில், ஹேண்டில்பாரில் அல்ல. ஐந்து பேருக்கும் பெரிய கருவி வாங்கப் பணம் இல்லை என்பது ஒரு காரணம். மூன்றும் வெவ்வேறு வழியில் மின்சாரம் எடுக்கின்றன என்பது இன்னொன்று: ஒன்று வண்டி பேட்டரியில், ஒன்று ஏஏ செல்லில், ஒன்று தன் பேட்டரியில். அந்த யோசனை ஸ்வீப்புடையது. எனக்கு அப்போது அது மிகையாகப் பட்டது.

கொல்லிமலை ஒத்திகை

வாங்கியபின் கொல்லிமலைக்குப் போய்ச் சோதித்தோம். இந்த ஆய்விலேயே பயனுள்ள நாள் அதுதான் என்று நினைக்கிறேன்.

வீட்டுக் கணினியில் ஒன்பது புள்ளி வைத்து ரூட் போட்டு நேவிகேட்டரில் ஏற்றியிருந்தேன். திரையில் நான் பார்த்தது ஒரு வழி. கருவி காட்டியது வேறு வழி. கிராமப் பாதையில் வைத்திருந்த ஒரு புள்ளிக்கு இருபது அடி தள்ளி நாங்கள் கடந்துவிட்டோம். கருவியைப் பொறுத்தவரை அந்தப் புள்ளிக்கு நாங்கள் போகவே இல்லை. அதற்கப்புறம் நாலு கிலோமீட்டருக்கு "திரும்புங்கள், திரும்புங்கள்" என்று லீடின் ஹெல்மெட்டுக்குள் ஒரு பெண் குரல். எழுபது கொண்டை ஊசி வளைவுள்ள மலையில் திரும்பச் சொன்னால் எங்கே திரும்புவது?

அன்றைக்குத்தான் ரூட்டுக்கும் டிராக்குக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு உறைத்தது. இரண்டும் ஜிபிஎக்ஸ் என்ற, ஜிபிஎஸ் கருவிகளுக்கான கோப்பு வகையில்தான் வரும். ரூட் என்பது சில புள்ளிகள் மட்டும். நடுவில் எந்த ரோட்டில் போவது என்று கருவி தன் மேப்பையும் தன் விருப்பத்தையும் வைத்துக் கணக்குப் போடும். மேப் மாறினால் வழி மாறும். டிராக், அதாவது தடம், என்பது நெருக்கமாக வைத்த ஆயிரக்கணக்கான புள்ளிகளின் கோடு. கருவி அதில் கணக்குப் போடாது, கோட்டைக் காட்டும். நீங்கள் கோட்டின் மேல் இருக்கிறீர்களா விலகினீர்களா என்பதோடு சரி. ஊருக்குள் ரூட் வசதி. ரோடே சந்தேகமாக இருக்கும் இடத்தில் டிராக். அன்றிரவே எல்லாவற்றையும் டிராக்காக மாற்றி, நாளுக்கு ஒரு கோப்பாகப் பிரித்தேன்.

அதே மேசையில் இன்னொரு பிழையும் பிடிபட்டது. பாதல் தாபாவை வே பாயின்டாக (குறித்து வைக்கும் இடமாக) கையால் தட்டும்போது, அட்சரேகை 32 டிகிரி 22 மினிட் என்பதை 32.22 என்று போட்டிருந்தேன். ஒரு டிகிரிக்கு 60 மினிட்; 22 மினிட் என்றால் 0.22 டிகிரி அல்ல, 0.367. வித்தியாசம் சுமார் 16 கிலோமீட்டர். தாபா ஒரு பனிமலைக்குள் போய் உட்கார்ந்திருந்தது. ஸ்வீப் பார்த்துவிட்டு, "டீ சூடா கிடைக்காதுங்ணா" என்றார். அதன்பின் ஐந்து பேர் கருவியிலும் தசம டிகிரி அமைப்பு மட்டும்.

இரண்டாம் ஆண்டு: மலையில்

வண்டிகளை ரயில் பார்சலில் டில்லிக்கு அனுப்பி, அங்கிருந்து மணாலி. கிளம்பும் முந்தின மாலை இரண்டு கருவிகளையும் லாட்ஜ் முற்றத்தில் கால் மணி நேரம் போட்டு வைத்தோம். செயற்கைக்கோள்களின் முழு அட்டவணை இறங்கப் பன்னிரண்டரை நிமிடம் ஆகும். நெட் இருக்கும் போன் அதை இணையத்தில் எடுத்துக்கொள்ளும். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் அணைந்தே வந்த கருவிக்கு வானத்தைப் பார்க்க அவகாசம் வேண்டும்.

விடியற்காலை ஐந்துக்குக் கிளம்பினோம். கிராம்ஃபூவுக்கும் பாதலுக்கும் நடுவே இருக்கும் சத்ரூவைத் தாண்டி ஓர் இடத்தில் தடக் கோடு ஆற்றின் பக்கம் இறங்கியது. கண்ணுக்குத் தெரிந்த டிப்பர் டயர் தடமோ சரிவின் மேலே போனது. லீட் கோட்டைப் பின்பற்றி இறங்கினார். முப்பது மீட்டர் போவதற்குள் முன்சக்கரம் உருண்டைக் கல்லில் திருகி, வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. கியர் லீவர் உள்ளே மடங்கியது. கணுக்கால் வீங்கியது, ஆனால் பூட்ஸ் காப்பாற்றியது. நான்கு பேர் சேர்ந்து வண்டியை மேலே தள்ள முக்கால் மணி நேரம் பிடித்தது. அந்த உயரத்தில் பத்தடி தள்ளினால் ஒரு நிமிடம் மூச்சு வாங்க வேண்டும்.

கருவி பிழை செய்யவில்லை. குறுகிய பள்ளத்தாக்கில் பாறையில் பட்டுத் திரும்பும் சிக்னலால் சில மீட்டர் பிசகலாம், இது அந்தக் கணக்கில் வராது. நான் ஏற்றியிருந்த டிராக் வேறொருவர் மூன்று வருடத்துக்கு முன் ஓட்டிப் பதிந்தது. நடுவில் அந்தத் துண்டை ஆறு அரித்துக்கொண்டு போய், மேலே புது வழி வெட்டியிருக்கிறார்கள். கோப்பில் தேதி இருந்தது. நான் பார்க்கவில்லை.

வண்டி சாய்ந்தபோது இன்னொன்றும் நடந்திருக்கிறது. நேவிகேட்டரின் மின் ஒயரை இக்னிஷன் ஒயரோடு நான்தான் இணைத்து டேப் சுற்றியிருந்தேன். அந்த இணைப்பு இழுபட்டுக் கழன்றது. வெயிலுக்காகத் திரை முழு வெளிச்சத்தில் இருந்தது. கருவி சத்தமில்லாமல் உள் பேட்டரிக்கு மாறி ஓடியது. மூலையில் சார்ஜ் அடையாளம் மாறியதை லீட் கவனிக்கவில்லை. கால் வலியில் யார் கவனிப்பார்கள்?

மதியம் ஒன்றுக்குப் பாதல். தாபாக்காரர் எங்களை அடையாளம் கண்டு, "இந்தத் தடவை எண்ணிக்கை சரியா இருக்கா?" என்று இந்தியில் கேட்டார். அப்போதுதான் திரை கறுத்திருந்ததைப் பார்த்தோம். பவர் பேங்க் அடிப்பையில் இருந்தது. கணவாய் இன்னும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தானே, மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றார் லீட். நானும் சரி என்றேன்.

பிரிவில் ஐந்து வண்டியும் நின்றன. எஞ்சினை அணைத்து ஆள் எண்ணி, ஒரே பக்கம் ஏறினோம். முதல் ஆண்டின் பிரச்சினை இந்த ஒரு நிமிடத்தில் தீர்ந்தது, ஒரு ரூபாய் செலவில்லாமல்.

ஐந்து கிலோமீட்டர் ஏறியிருப்போம், பனி கொட்டத் தொடங்கியது. இருபது நிமிடத்தில் முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரிந்தது. அந்தச் சரிவில் வளைவுக்கு வளைவு வண்டிகள் ஏறி இறங்கிய குறுக்குத் தடங்கள் உண்டு. வெள்ளை மூடியபின் ரோடு எது, குறுக்குத் தடம் எது என்று பிரித்தறிய முடியவில்லை. திரும்புவதென்று முடிவெடுத்தோம். ஸ்வீப் முன்னால் வந்தார். அவருடைய கருவி காலையிலிருந்து நாங்கள் வந்த தடத்தைத் தானாகப் பதிந்துகொண்டிருந்தது. இரண்டு அங்குலத் திரையில் ஒரு கோடு, அதன் மேல் ஒரு சின்ன அம்பு. அம்பு கோட்டை விட்டு விலகினால் நிற்பது, ஒருவர் இறங்கி நடந்து பார்ப்பது, மறுபடி நகர்வது. கையுறையைக் கழற்றாமல் கட்டை விரலால் பட்டனை அழுத்தினார். ஐந்து கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம். மறுபடியும் அதே தாபா, அதே ரஜாய்.

மறுநாள் பத்து மணிக்கு மேல் வெயில் வந்ததும் ஏறினோம். கணவாயின் மறுபக்கக் கிராமமான லோசர் வழியே மாலைக்குள் காசா. லீவரை நிமிர்த்த அங்கே ஒரு வெல்டிங் கடை கிடைத்தது.

அடுத்த முறை மாற்றுவது

ஒயர் இணைப்பு டேப்பில் இருக்கக் கூடாது. இப்போது தண்ணீர் புகாத கனெக்டர் போட்டு, இழுபட்டாலும் தாங்க ஒரு சுற்று தளர்வு விட்டு, ஃபிரேமில் டை அடித்திருக்கிறது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் லீட் சார்ஜ் அடையாளத்தைப் பார்த்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பவர் பேங்க் டேங்க் பேக்குக்கு வந்துவிட்டது.

டிராக் கோப்பின் பெயரிலேயே அது ஓட்டிப் பதிந்த மாதமும் வருடமும் இருக்கும். ஒரு வருடத்துக்கு மேல் பழசானால் நாலா, ஆற்றங்கரைத் துண்டுகளை உள்ளூர் ஆட்களிடம் கேட்காமல் போவதில்லை. கோடும் புது டயர் தடமும் முரண்பட்டால் டயர் தடம். ஆனால் முதல் ஆண்டு மூன்றாமவரைச் சந்திரதாலுக்கு இழுத்துப் போனதும் டயர் தடம்தான். ஆகவே இந்த விதி ரோடு அரித்துப்போன இடத்துக்கு மட்டும், பிரிவுக்கு அல்ல. பிரிவில் கோடு.

எதை வாங்குவது என்பதில் இன்னும் எங்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. பெரிய திரை இருந்ததால்தான் அடுத்த வளைவு எப்படித் திரும்புகிறது என்பதை ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் தெரிந்துகொண்டேன் என்கிறார் லீட். மணாலியிலிருந்து சத்ரூ வரை அது உண்மை. ஸ்வீப், அந்தப் பணத்தில் ஐந்து பேருக்கும் நல்ல பூட்ஸ் வாங்கியிருக்கலாம் என்கிறார். ஒன்றுதான் வாங்க முடியும் என்று யாராவது கேட்டால், ஏஏ பேட்டரியில் ஓடும் சின்னக் கருவியையும் உள்பையில் போனையும் சொல்வேன். தார் ரோட்டில் நீண்ட தூரம் போகிறவருக்கு என் பதில் வேறாக இருக்கும்.

அடுத்து ஷின்குன் லா கணவாய் வழியே லடாக்கின் சான்ஸ்கார் போக யோசனை. லடாக்கில் வெளிமாநிலப் பிரீபெய்டு சிம் வேலை செய்யாது. எங்களில் மூவரிடம் பிரீபெய்டுதான். கோப்புகளைத் தயார் செய்ய உட்கார்ந்தபோது, ஸ்வீப்பின் கருவியில் இருந்த எங்கள் பதிவை வைத்து, சத்ரூ தாண்டி ஆறு தின்ற அந்தத் துண்டை ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் மேலே நகர்த்தித் திருத்தினேன். மாற்றியதன் கீழே மாதமும் வருடமும் போட்டிருக்கிறேன். அடுத்த மழையில் ஆறு அதையும் அரித்திருக்கலாம்.